அக்கா வீட்டுக்கு அடியில் ஒரு கால்வாய்

அந்தக் கால்வாயை என் வாழ்நாளில் மூன்று தடவை அளந்திருக்கிறேன். முதல் தடவை கூலிக்கு. இரண்டாவது தடவையும் கூலிக்குத்தான். மூன்றாவது தடவை யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய் அளந்தேன். அதில்தான் என் அக்காவின் வீடு போயிற்று.

எங்களுக்கு ஆந்திராவில் விஜயபுரம் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அப்பாவை நைனா என்போம். அவருக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. நெல் அறுக்கப் போவார், வேர்க்கடலை பிடுங்கப் போவார். ஒரே அக்காவை நகரியில் பவர்லூம் ஓட்டும் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். நான் பத்தாவது முடித்து இரண்டு வருஷம் ஊரில் சுற்றிவிட்டு, ஒருநாள் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்தேன். அங்கே ஒரு அரசாங்க சர்வேயருக்குச் சங்கிலி இழுக்க ஆள் வேண்டியிருந்தது. செயின்மேன் என்று சொல்வார்கள். பேர்தான் பெரிது. இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் முன்னால் நடக்க வேண்டும். பின்னால் நிற்கும் சர்வேயர் ‘லாகு, லாகு’ என்பார். தெலுங்கில் அதற்கு இழு என்று அர்த்தம். என் இளமைக் காலத்தில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

சேர்ந்த வருஷமே ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஏரியை அளக்கப் போனோம். மலையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் முதலில் அந்த ஏரிக்கு வரும். அது நிரம்பினால், கரையின் தெற்கு மூலையில் கல் அடுக்கிக் கட்டிய கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்து ஒரு கால்வாயில் இறங்கும். அந்தக் கால்வாய் அடுத்த ஏரிக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த ஏரி. கடைசியில் எல்லாம் சுவர்ணமுகி ஆற்றில் சேரும். இதெல்லாம் சர்வேயர் தன் மேப்பை விரித்து விரலால் ஓட்டிக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை ஏரி என்றால் எனக்குத் தண்ணீர் நிற்கிற இடம், அவ்வளவுதான்.

அப்போது ஏரியில் தண்ணீர் இருந்தது. கோரைக்குள் மாடுகள் கழுத்தளவு நின்றன. கால்வாயை அளக்க மூன்று நாள் ஆயிற்று. நாற்பது அடி அகலம், எங்கேயும் அதற்குக் குறையவில்லை. சர்வேயர் கறார் ஆள். ஒரு சாண் தப்பினாலும் திரும்ப முதலிலிருந்து இழுக்கச் சொல்வார். கால்வாய் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கரையிலும் எல்லைக்கல் நட்டோம். கல்லைத் தலையில் சுமந்து போனவன் நான். கடைசிக் கல்லை நட்டு மண்ணைக் காலால் மிதித்து இறுக்கியபோது அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “இனி நூறு வருஷத்துக்கு இதுமேல பேச்சே இல்ல.”

ஏழெட்டு வருஷத்தில் அவர் ஓய்வு பெற்று, சொந்தமாக ஒரு அறை எடுத்துத் தனியாருக்கு அளந்து கொடுக்க ஆரம்பித்தார். என்னையும் கூடவே வைத்துக்கொண்டார். ஊர் அப்போது வீங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு லாட்ஜ், டிராவல்ஸ், எஸ்.டி.டி. பூத். சித்தூரிலிருந்தும் பங்காருபாளையத்திலிருந்தும் கடப்பாவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்கே பார்த்தாலும் கலர் கொடி கட்டிய லேஅவுட். வாரத்தில் ஆறு நாளும் எங்களுக்கு வேலை இருந்தது.

அப்படி ஒரு லேஅவுட் அளக்கத்தான் மறுபடி அதே ஏரிப் பக்கம் போனோம். இறங்கியதும் எனக்கு இடம் பிடிபடவில்லை. மலைப்பக்கத்தில் போட்ட புது ரோடு வரத்துத் தண்ணீரை மறித்திருந்தது. ஏரி காய்ந்து, பாதிக்குக் குப்பை கொட்டியிருந்தார்கள். கால்வாய் இருந்த இடத்தில் செம்மண் அடித்து ரோலர் ஓட்டிச் சமமாக்கியிருந்தார்கள். நாங்கள் நட்ட கற்களில் ஒன்றே ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. பழைய கரையில் நின்ற வேப்பமரத்தடியில், யாரோ துணி துவைக்கிற கல்லாக அதைப் படுக்கப்போட்டிருந்தார்கள்.

“சார், இங்க நாற்பது அடி கால்வாய் இருந்தது. நாமதான அளந்தோம்” என்றேன்.

அவர் கையில் இருந்த புது வரைபடத்தைப் பார்த்தார். “இந்த ஷீட்ல இல்ல.”

“ஆனா தண்ணி வருமே சார்.”

“மூணு வருஷமா வரல. நாம அளக்கறவங்க. இடத்துக்கு ஓனர் இல்ல. லாகு.”

இழுத்தேன். அன்றைக்கு நான் சங்கிலியைக் கீழே போட்டிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். போட்டிருந்தால் வேறொருவன் எடுத்திருப்பான் என்பதும் உண்மைதான். கால்வாய் ஓடிய இடத்தில் இருபதடி ரோடும் இரண்டு பக்கமும் மனைகளும் வந்தன. ஒவ்வொரு மனைக்கும் நான்கு மூலையில் முளைக்குச்சி அடித்தேன்.

அடுத்த வருஷம் நகரியில் தறி வேலை குறைந்தது. நூல் விலை ஏறியது. வாரத்தில் மூன்று நாள் ஓடினால் நான்கு நாள் நின்றது. மாமா திருப்பதிக்கு வந்து ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலையில் சேர்ந்தார். பிறகு அக்காவையும் பெண்ணையும் கூட்டி வந்தார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சொந்தமாக ஒரு மனை வாங்கிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் துடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அழைத்துக்கொண்டு போய் ஒரு இடத்தைக் காட்டினார்கள். நான் முளைக்குச்சி அடித்த மனைகளில் ஒன்று.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் செம்மண்ணில் நின்றாள். “இன்னாடா, எப்டி கீது? நீதான் எடம் அளக்கறவன், பாத்து சொல்லு.”

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அதிலிருந்து மனசுக்குள் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால்வாயின் ஓரமாக வரலாம், உள்ளேயும் வரலாம், சரியாகத் தெரியவில்லை. ஏரி காய்ந்து கிடந்தது. நைனா போன பிறகு எனக்கென்று இருந்தவள் அக்கா ஒருத்திதான். என் அறையிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். இதெல்லாம் சேர்ந்து என் வாயைக் கட்டிவிட்டது.

“மழைக்காலத்துல கொஞ்சம் தண்ணி நிக்கும்” என்றேன்.

மாமா சிரித்தார். “அது எங்க நிக்கல மச்சான்? நகரியில நிக்கலியா? மட்டத்த தூக்கி கட்டிக்கலாம்.”

பேச்சு அத்தோடு முடிந்தது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது உண்மையும் இல்லை.

வீட்டை அவர்களே கட்டினார்கள். மாமா சாயங்காலம் வேலை முடிந்து வந்து செங்கல் அடுக்குவார். அக்கா கலவை போடுவாள். இரண்டு அறை, மேலே சிமென்ட் ஷீட். ஐந்தாறு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷங்களில் நான் என் பயத்தையே மறந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கேதான் சாப்பாடு. அக்கா வாசலில் முருங்கை வைத்திருந்தாள். இதற்கிடையில் தெருவின் கீழ்க்கோடியில் ஒரு பெரிய கல்யாண மண்டபம் எழும்பியது. ரோட்டோரம் கால்வாயின் மிச்சமாக விட்டிருந்த பள்ளத்தின் குறுக்கே அதன் சுற்றுச்சுவர் வந்தது. அடியில் இரண்டு சிமென்ட் குழாய்களைப் பதித்து, தண்ணீர் அதில் போய்க்கொள்ளும் என்றார்கள்.

ஒரு கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரரின் மகன் என் அறைக்கு எதிரே இருந்த பூத்துக்குப் போன் செய்து சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். மலைத் தண்ணீர் ரோட்டை உடைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கி, ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தன் பழைய பாதையில் அப்படியே வந்திருந்தது. மண்டபத்துக் குழாய்களில் பிளாஸ்டிக்கும் மெத்தையும் அடைத்துக்கொண்டன. சுவரில் முட்டிய தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் ஏறியது. சாக்கடையும் அதில் கலந்திருந்தது. அக்கா கட்டிலின் மேல் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு, அதன்மேல் பெண்ணை உட்கார வைத்திருந்தாள்.

“கொஞ்சம் தண்ணி நிக்கும்ன்னியே” என்றாள்.

தண்ணீர் வடிய ஐந்து நாள் ஆயிற்று. சுவரில் பாதி உயரத்துக்குக் கறை. பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் தண்ணீர் வந்தது.

அந்தத் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா இருந்தார். தெலுங்குக்காரர். தனியாக இருந்தார், மகன் அமெரிக்காவில். அவர்தான் முதலில் மண்வெட்டியோடு இறங்கியவர். கோடையில் ஞாயிறு காலைகளில் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, கலங்கலிலிருந்து மண்டபச் சுவர் வரை மிச்சமிருந்த பள்ளத்தைத் தூர்வாருவார். நானும் போனேன். அங்கே நாங்கள் எடுத்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். லாட்ஜ் தலையணைகள், தெர்மகோல் தட்டுகள், ஒரு முழு சோபா, மூட்டை மூட்டையாக வாடிய மாலை. ஒருநாள் மாமா துவைத்து அனுப்புகிற லாட்ஜின் முத்திரை போட்ட விரிப்பே வந்தது. வாரிக்கொண்டிருந்த மாமாவே அதைக் கம்பால் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். ஒரு ஞாயிறு வாருவோம், அடுத்த ஞாயிறுக்குள் பாதி நிரம்பிவிடும். தெருவில் பாதிப் பேர், தங்கள் வீட்டு ஓரத்தை மட்டும் வாரிக்கொண்டு நிறுத்திவிட்டார்கள்.

“வாரிப் பிரயோஜனமில்லை. அடைப்பு அந்தச் சுவரில்தான் இருக்கிறது” என்று டீச்சரம்மா தெலுங்கில் சொன்னார். “கால்வாய் எத்தனை அடி இருந்தது என்று யாராவது நிரூபித்தால் போதும். நான் அரசாங்கத்துக்கு அர்ஜி எழுதுகிறேன்.”

நான் இத்தனை வருஷமாகச் சொல்லாததை அன்று சொன்னேன். “நாப்பது அடிங்கம்மா. நான்தான் செயின் பிடிச்சேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. பழைய மேப்பின் நகல் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

சர்வேயர் அப்போது இறந்துவிட்டிருந்தார். அவர் வீட்டுப் பரணில் இருந்த தாள்களில் அந்த மேப்பின் நகலைத் தேடி எடுத்தேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு நானே அளக்கப் போனேன். அதுதான் மூன்றாவது தடவை. கலங்கலின் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடமும் அதன் சுற்றுச்சுவரும் கால்வாய்க்குள் முழுதாக உட்கார்ந்திருந்தன. அதில் சந்தேகமே இல்லை. அக்கா வீட்டின் கிட்டே கால்வாய் ஒரு வளைவு எடுக்கும். அங்கே இரண்டு தடவை அளந்தேன். ஒரு தடவை அவள் வீடு நான்கு அடி வெளியே வந்தது. இன்னொரு தடவை சமையல் அறைச் சுவர் உள்ளே வந்தது. வெளியே வந்த அளவையே எழுதிக்கொண்டேன். சர்வேயர் இருந்திருந்தால் மூன்றாம் முறை இழுக்கச் சொல்லியிருப்பார்.

அர்ஜியில் என் கையெழுத்தும் இருந்தது, சாட்சியாக. அக்காவிடம் சொன்னேன். “மண்டபத்து சுவரு போனா போதும், தண்ணி நேரா போய்டும்.” அவளுக்குச் சந்தோஷம். கூடையிலிருந்து இரண்டு முருங்கைக்காய் எடுத்து, டீச்சரம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி என் பையில் வைத்தாள்.

இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெரிய வெள்ளம் வந்து, பேப்பரில் படமெல்லாம் போட்ட பிறகு, திடீரென்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. கருவி வைத்து அளக்கிற புது ஆட்கள் வந்தார்கள். சங்கிலியும் இல்லை, டேப்பும் இல்லை. முக்காலியில் ஒரு பெட்டி, அதில் கண்ணை வைத்துப் பார்த்தே முடித்துவிட்டார்கள். சுவர்களில் சிவப்புக் குறி போட்டுக்கொண்டே வந்தார்கள். மண்டபத்துச் சுவரில் போட்டார்கள். அக்கா வீட்டில் முன்வாசல் நடுவில் போட்டார்கள். சமையலறை மட்டுமல்ல, வீட்டில் பாதிக்குமேல் கால்வாய்க்குள் இருந்தது. நான் அளந்த இரண்டுமே தப்பு.

மண்டபத்துக்காரர்கள் மறுவாரமே கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிட்டார்கள். தெருவில் குறி போடப்பட்ட பதினோரு வீட்டுக்காரர்களுக்கும் கோர்ட் எந்தப் பக்கம் என்றே தெரியாது. டீச்சரம்மா ஒரு வக்கீலைப் பிடித்து வருவதற்குள் ஜேசிபி வந்துவிட்டது.

காலை எட்டு மணி இருக்கும். வரிசையாக முதல் வீட்டிலிருந்து இடித்து வந்தார்கள். அக்கா வீடு ஆறாவது. நான் அங்கிருந்த அதிகாரியிடம் போய், அர்ஜி கொடுத்ததே நாங்கள்தான், மண்டபத்தை எடுத்தால்தான் தண்ணீர் போகும், இந்த வீடுகளை மட்டும் எடுத்தால் ஒரு பயனும் இல்லை என்று தெலுங்கில் சொன்னேன். அவர் வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார். அர்ஜியின் நகலையே ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டினார். “நாற்பது அடி என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?” என்றார்.

அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும்.

“நீ எழுதி குடுத்தியா?”

“கால்வாய்க்காக குடுத்தேன்க்கா. மண்டபத்துக்காக.”

“கால்வாய் எங்க கீது? என் வூட்டுக்குள்ளதான கீது.” வாசல் நடுவில் இருந்த சிவப்புக் குறியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “எடம் வாங்கறப்பவே ஒனக்கு தெரியுமாடா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் அழவில்லை. டிரைவரிடம் போய், கதவையும் ஜன்னலையும் கழற்றிக்கொள்ள நேரம் கேட்டாள். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். மாமா கீல்களைக் கழற்றினார். கதவின் ஒரு முனையை அக்கா பிடித்தாள், மறுமுனையை நான் பிடிக்கப் போனேன். “நீ உடு” என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பிடித்துக்கொண்டாள். அடுப்பு, சிலிண்டர், தண்ணீர் டிரம், துணி மூட்டை எல்லாம் ரோட்டோரம் வந்தன. வீடு விழ ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஷீட் உடைகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பிறகு அதே இயந்திரம் அந்த இடத்தில் பள்ளம் தோண்டியது. ஆள் உயரம் தோண்டியதும் கீழே கறுப்பு மண் வந்தது. பழைய கால்வாயின் வண்டல். மேப்பும் சரி, சிவப்புக் குறியும் சரி, தப்பே இல்லை.

மண்டபச் சுவர் வரை தோண்டிவிட்டு வேலையை நிறுத்தினார்கள். ஸ்டே இன்றும் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். தோண்டிய பள்ளத்துக்கு வெளியே போக வழி இல்லாததால் மேல்தெருச் சாக்கடை முழுக்க அதில் வந்து தேங்கியது. முன்னே மழைக்காலத்தில் மட்டும் இருந்த நாற்றம் இப்போது வருஷம் பூராவும். அடுத்த மழைக்கும் தண்ணீர் சுவரில் முட்டித் திரும்பியது. பதினோரு வீடு இல்லாததால் அது இன்னும் வேகமாகப் பின்தெருவுக்குள் ஏறியது. அதுவரை அங்கே தண்ணீர் வந்ததே இல்லை.

டீச்சரம்மா அதற்குப் பிறகும் இரண்டு அர்ஜி எழுதினார். இரண்டாவதில் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனபோது யாரும் கதவைத் திறக்கவில்லை. இடிக்கிறவர்களை அழைத்து வந்தது அவர்தான் என்று தெருவில் பேச்சு. மகன் வந்து அவரை அழைத்துப் போய்விட்டார். போகும் முன் என்னைக் கூப்பிட்டு மேப்பின் நகலைத் திருப்பிக் கொடுத்தார். “நாம் செய்தது தப்பில்லை” என்றார். அவர் முகத்தில் அந்த நம்பிக்கை இல்லை. நான் மேப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்காவும் மாமாவும் கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்து பார்த்தார்கள். பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பெங்களூர் போனார்கள். மாமா ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன். அக்கா அங்கேயே நாலு வீட்டில் வேலை செய்கிறாள். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு தடவை போயிருந்தேன். அக்கா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ‘துன்னு’ என்றாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயம் பேசினோம். மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது மாமா மட்டும் கேட் வரைக்கும் வந்தார்.

“மனசுல வெச்சிக்காத மச்சான். நீ சொல்லியிருந்தாலும் நாங்க வாங்கித்தான் இருப்போம்” என்றார்.

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நான் சொல்லியிருந்தால் அவர்கள் வாங்கியிருக்க மாட்டார்கள். அக்கா என் பேச்சைக் கேட்கிறவள்.

நான் சங்கிலி வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்கிறேன். லேஅவுட் வரைபடங்கள்தான் அதிகம் நகலெடுக்க வரும். முன்பெல்லாம் கால்வாயைக் காட்டும் மெல்லிய நீலக் கோடு எங்கே போகிறது என்று பார்ப்பேன். எந்த மனை அதன்மேல் விழுகிறது என்று தேடுவேன். இரண்டொருவரிடம் சொல்லியும் பார்த்தேன். ஒருவர், அப்ரூவல் ஆன இடம், நீ ஜெராக்ஸ் மட்டும் எடு என்றார். இன்னொருவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய், அந்த மனையை விஷயம் தெரியாத வேறொருவர் தலையில் கட்டிவிட்டார். இப்போது பார்ப்பதில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்துகிறேன்.